ஒரு தொட்டி தீனி

தாராபுரத்தில் பஸ் மாறி, கரூர் சாலையில் மூலனூருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினால் அம்மாவைப் பெற்ற அமிச்சி வீட்டுக்கு ஒன்றரை மைல் நடை. பாதை முழுக்க இட்டேரி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குத் தடம். சித்திரையில் கிளுவையில் ஓர் இலை இருக்காது. வெறும் தண்டும் முள்ளும்தான். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாளே, கையில் ஒரு மஞ்சப்பையோடு அந்த இட்டேரியில் நான் நடந்துகொண்டிருப்பேன். வேலிக்கு அந்தப்பக்கம் காற்றில் வேலாங்காய் கலகலவென்று ஆடும் சத்தம் கேட்டால், வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் சொல்வது 1980களின் தொடக்கம். அப்போது அது பெரியார் மாவட்டம். அதற்குமுன் கோவை மாவட்டமாக இருந்தது. பிறகு ஈரோடு என்றானது. 2009இலிருந்து திருப்பூர். அமிச்சி கடைசிவரை 'கோயமுத்தூர் ஜில்லா' என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமிச்சிக்கு ஒரு கிணறு, அதை நம்பி ஒரு ஏக்கர் தோட்டம், மீதி பன்னிரண்டு ஏக்கரும் கொரங்காடு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் தரிசு என்பார்கள். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், குண்டடம் பக்கத்து ஆட்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. கொரங்காடு என்பது வேலி போட்டு, புல் வளர்த்து, மரம் காத்து வைத்திருக்கிற மேய்ச்சல் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிற சீமை அது. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் நல்ல வருசம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடும். அந்த மழையை நம்பி வெள்ளாமை வைத்தால் மூன்று வருசத்துக்கு ஒரு தடவைதான் வீடு வந்து சேரும். புல்லை நம்பினால் வருசா வருசம் ஏதாவது வரும். முன்னோர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் நிலத்தைப் புல்லுக்கு விட்டிருக்கிறார்கள்.

தரையில் கொழுக்கட்டைப்புல், அதற்கிடையே செப்புநெருஞ்சி, நரிப்பயறு. தலைக்குமேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரங்கள். சுற்றிலும் கிளுவை. பன்னிரண்டு ஏக்கரை மூன்று காடாக வேலி போட்டுத் தடுத்திருந்தார் அம்மாவின் அப்பாவான அப்பிச்சி. ஒரு காட்டில் புல் கட்டையாகிவிட்டால் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். வேலி இருப்பதால் கோல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிய ஆள் வேண்டாம். காலையில் திறந்துவிட்டால் சாயங்காலம் கூப்பிட்டால் போதும்.

அப்பிச்சி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். 35, 40 உருப்படி செம்மறியையும் இரண்டு எருமையையும் அமிச்சி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். செம்மறியெல்லாம் மேச்சேரி இனம். செம்மண்ணைக் குழைத்துப் பூசியது போன்ற நிறம், உடம்பை ஒட்டிய குட்டை மயிர், பெரும்பாலும் கொம்பில்லாத மொட்டைத் தலை. கம்பளிக்கு ஆகாது. கறிக்கும் தோலுக்கும் பேர்போனது.

சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு அமிச்சி பட்டிக்குப் போவாள். பட்டி என்றால் மூங்கில் படல்களை நாலு பக்கமும் நிறுத்திக் கட்டிய அடைப்பு. உள்ளே பனைமரத்தைப் பிளந்து குடைந்த இரண்டு தோணிகள். பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு கல்தாழி. அவள் கையில் ஒரு தேங்காத்தொட்டி இருக்கும். எங்கள் பக்கம் சிரட்டையைத் தொட்டி என்போம். வழவழவென்று தேய்ந்து, கறுத்து, விளிம்பில் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்த தொட்டி. அதைக் கவிழ்த்துக் கல்தாழியின் விளிம்பில் 'டொக், டொக், டொக்' என்று மூன்று தட்டு. காட்டின் கடைக்கோடியில் தலையை மண்ணில் புதைத்து நிற்கிற ஆடுகள் ஒரே நேரத்தில் நிமிரும். அப்புறம் புழுதிதான் தெரியும். அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் படல் வாயில் நுழையும்போதே அமிச்சி எண்ணி முடித்துவிடுவாள். எது நொண்டுகிறது, எதற்கு மூக்கு ஒழுகுகிறது, எது கடைசியாக வருகிறது என்று பார்ப்பதும் அப்போதே. எப்போதும் முன்னால் ஓடிவருகிற ஆடு ஒருநாள் பின்தங்கினால் ராத்திரி அதைத் தனியே கட்டிவைப்பாள்.

தோணியில் விழுவது பெரிதாக ஒன்றுமில்லை. தவிடு கொஞ்சம், ஊறவைத்து உதிர்த்த கடலைப்புண்ணாக்கு கொஞ்சம், அந்தந்தப் பருவத்துக்குக் கிடைக்கிற பருத்திக்கொட்டையோ துவரம்பொட்டோ உளுந்தம்பொட்டோ. தலைக்கு ஒரு தொட்டி. அதற்குமேல் ஒரு பிடி கிடையாது. பட்டியின் மூலைக்கம்பத்தில் ஒரு சாக்குத்துண்டில் கல்லுப்பை முடிந்து கட்டியிருப்பாள். ஆடுகள் முறை வைத்து அதை நக்கிவிட்டுப் படுக்கும்.

எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

"ஏன் அமிச்சி, இன்னொரு தொட்டி போட்டா என்ன? மூட்டையில அவ்வளவு இருக்குதே."

"போட்டா நாளைக்கு அது காட்டுக்குப் போவாது கண்ணு. படல்கிட்டயே நின்னுக்கிட்டு உம் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கும்."

"போடாமயே விட்டா?"

"விட்டா காட்டுலயும் மேயாது. காஞ்ச புல்ல மெல்லறதுக்கும் வவுத்துல தெம்பு வேணுமல்லோ."

முதல் பதில் உடனே புரிந்தது. இரண்டாவது புரிய எனக்கு இருபது வருசமானது. பசி இருந்தால் தானாகத் தின்னாதா, அதற்கென்ன தெம்பு என்று நினைத்திருந்தேன். பின்னாளில் எங்கள் ஊருக்கு முகாமுக்கு வந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "உங்க பாட்டி எங்க பாடப்புத்தகத்தையே ரெண்டு வரியில சொல்லிட்டாங்க" என்றார்.

அவர் விளக்கியது இது. ஆடு புல்லை நேரடியாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாரைப் புளிக்கவைத்து உடைப்பது அவற்றின் வேலை. நாம் ஆட்டுக்குப் போடுவதாக நினைக்கிற தீனி முதலில் அவற்றுக்குத்தான் போகிறது. மழைக்காலத்துக் கொழுக்கட்டைப்புல்லில் புரதம் போதுமான அளவு இருக்கும். பங்குனி, சித்திரையில் அதே புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு பங்காக இறங்கிவிடும். ஏழு பங்குக்குக் கீழே போனாலே அந்த நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். அவை சோர்ந்தால் நார் உடையாது. நார் உடையாவிட்டால் வயிறு காலியாகாது. வயிறு காலியாகாவிட்டால் எதிரே காடு நிறையப் புல் நின்றாலும் ஆடு வாய் வைக்காது. அந்த நேரத்தில் ஒரு பிடி கடலைப்புண்ணாக்கு போதும். அதில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குமேல் புரதம். உள்ளே இருப்பவை உயிர்பெறும், காய்ந்த புல்லும் செலவாகும். இதுவே அளவு மீறினால் ஆடு புல்லை விட்டுவிட்டுத் தோணியையே நம்பி நிற்கும். வளர்ந்த ஆட்டுக்கு மேய்ச்சல் போக ஒருநாளைக்கு 150இலிருந்து 250 கிராம் அடர்தீவனம் போதும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். வீட்டுக்கு வந்து ஒரு சிரட்டை நிறையத் தவிடும் புண்ணாக்கும் கலந்து எடைபோட்டுப் பார்த்தேன். அந்த அளவுக்குள்தான் நின்றது.

சித்திரை பிறந்துவிட்டால் புண்ணாக்கு மூட்டைக்கு ஓய்வு. வேலாங்காய்ப் பருவம் வந்துவிடும். வெள்வேல மரத்தின் காய் பச்சையில் வளைந்து நெளிந்து கொத்தாகத் தொங்கும். முற்றிக் காய்ந்ததும் பழுப்பாகி உள்ளே கொட்டைகள் தளர்ந்து ஆடும். அமிச்சி பச்சைக்காயைத் தொடவிட மாட்டாள். காய்ந்து உதிர்ந்ததுதான் ஆட்டுக்கு. விடிகாலையில், ஆடுகளைத் திறந்துவிடுவதற்கு முன்பே, நானும் மாமன் மகனும் துறட்டியோடு போய்விடுவோம். அவன் கிளையை உலுக்க, நான் கீழே விரித்த சாக்கில் கூட்டி அள்ளுவேன். முள் குத்தாத நாள் கிடையாது. உள்ளங்காலில் முறிந்த முள்ளை அமிச்சி இன்னொரு முள்ளால் எடுத்துவிட்டு, எருக்கம்பால் வைப்பாள்.

அள்ளிய காயில் பாதி அன்றன்றைக்குத் தோணிக்கு. மீதியை வெயிலில் இன்னும் இரண்டு நாள் உலர்த்திச் சாக்கில் கட்டி அட்டாலி என்கிற பரணில் போட்டுவிட வேண்டும். அது ஆனி, ஆடிக்கு. ஆடி பிறந்தால் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று புல்லின் தாளைக்கூட அரித்துக்கொண்டு போய்விடும். அப்போது கீழே புல்லும் இருக்காது, மேலே காயும் இருக்காது. சித்திரையில் அட்டாலி ஏறிய சாக்கு ஆடியில் இறங்கும். சோளத்தட்டும் கடலைக்கொடியும் அதற்குத் துணை. கடலைக்கொடிக்கு ஆடுகள் அடித்துக்கொள்ளும், தட்டைக் கடைசியாகத்தான் தொடும். தோட்டத்து வரப்பில் நின்ற சவுண்டல் மரத்திலிருந்து தினம் இரண்டு கட்டுத் தழை ஒடிப்போம். சவுண்டலையே முழு நேரமும் போட்டால் ஆட்டுக்கு மயிர் உதிரும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அதனால் அதிலும் அளவுண்டு.

வேலாங்காய்ப் பருவத்தில் காலையில் பட்டி கூட்டுவது என் வேலை. புழுக்கைக்கு நடுவே பளபளவென்று கொட்டைகள் கிடக்கும். காயைத் தின்ற ஆடுகளுக்குக் கொட்டை முழுக்கச் செரிப்பதில்லை. நான் அவற்றைப் பொறுக்கிப் பல்லாங்குழிக்குச் சேர்த்து வைத்தேன். "அத எதுக்குப் பொறுக்கறே, எருவோட போவட்டும் உடு" என்பாள் அமிச்சி.

எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு என்று சொன்னேன். அது முழு உண்மையில்லை. செம்மறிக்குச் சினை ஐந்து மாதம், 150 நாள். அதில் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் வயிற்றுக்குட்டி மூன்றில் இரண்டு பங்குக்குமேல் வளர்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அமிச்சி அதை ஆட்டின் நடையில் படித்தாள். பின்னங்கால் அகல, வயிறு இறங்க ஆரம்பித்தால் அந்த ஆட்டை மட்டும் படலுக்கு வெளியே பிடித்து நிறுத்தி இரண்டாவது தொட்டி வைப்பாள். ஈன்று பால் கொடுக்கிற ஆட்டுக்கும் அப்படியே. குட்டிகள் பகலில் கவிழ்த்துவைத்த கூடையான கொடாப்புக்குள் கிடக்கும். சாயங்காலம் கொடாப்பைத் தூக்கியதும் கத்திக்கொண்டே போய்த் தாய்மடியை முட்டும். கிடாய்க்கும் வருசத்தில் ஒரு மாதம் இரட்டைப்பங்கு. அது எந்த மாதம் என்று கேட்டால் அமிச்சி பேச்சை மாற்றிவிடுவாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கிழிகாதி என்று ஒரு ஆடு. சின்ன வயதில் நரி கவ்வி ஒரு காது கிழிந்துபோன, முதிர்ந்த ஆடு. நாலாவது மாதச் சினை. களத்தில் கம்பு காயவைத்துவிட்டு என்னைக் காவலுக்கு உட்காரவைத்திருந்தாள் அமிச்சி. கிணற்றில் பையன்கள் குதிக்கும் சத்தம் கேட்டது. கால்மணி நேரம்தான் என்று போனேன். கால்மணி என்பது கிணற்றுக்குள் இருப்பவனுக்கு வேறு கணக்கு. திரும்பி வந்தபோது வேலிச் சந்தில் நுழைந்துவந்த கிழிகாதி களத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கம்பு வழித்துவிட்டது போலிருந்தது.

விரட்டிவிட்டுக் கம்பைப் பரப்பி மறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் தட்டியபோது கிழிகாதி வரவில்லை. வேலமரத்தடியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. இடது விலா உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அமிச்சி அதன் வாயோரம் காதை வைத்துக் கேட்டாள். வயிற்றில் கையை அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன கம்பு தின்னுது?"

அழுதுகொண்டே சொன்னேன். அவள் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ராத்திரி முழுக்க நடக்கவைத்தாள். அவள் முன்னால் கயிற்றைப் பிடித்துப் போக, நான் அரிக்கேன் விளக்கோடு பின்னால். பழக்கமில்லாத வயிற்றில் தானியம் மொத்தமாக விழுந்தால் அது வேகமாகப் புளித்துப் பெருவயிறே அமிலமாகிவிடும், நாரை உடைக்கிற உயிர்கள் செத்துப்போகும் என்பதெல்லாம் நான் பிற்பாடு கேட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அமிச்சி மணிக்கொருதரம் நின்று, விளக்கை ஆட்டின் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லித் தாடை அசைகிறதா என்று பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அசைபோட்டது. ஆடு தப்பித்தது. அந்த வாரமே குட்டியைத் தள்ளிவிட்டது.

அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அமிச்சி என்னிடம் தொட்டியைக் கொடுத்தாள். "இன்னைக்கு நீயே அளந்து போடு" என்றாள். முதல் தடவையாக நான் கல்தாழியில் தட்டினேன். என் தட்டுக்கும் ஆடுகள் வந்தன. ஒவ்வொரு தொட்டியையும் விளிம்போடு தலைதட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

அந்த வீட்டில் கோடையைவிட மழையைக் கண்டுதான் பயம் அதிகம். நான்கு மாதம் காய்ந்த புல்லைத் தின்ற ஆடு, ஐப்பசி மழைக்குத் துளிர்த்த பச்சையைக் கண்டதும் ஆவேசமாக மேயும். நேற்றுவரை கொழுகொழுவென்றிருந்த குட்டி விடிந்ததும் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். துள்ளுமாரி என்று அதற்குப் பேர். திடீரென்று கிடைத்த செழிப்பில் குடலில் இருக்கிற கிருமி பெருகி நஞ்சு கக்குவதால் வருவது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதை இப்போது எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அமிச்சி அந்த நாட்களில் ஆடுகளுக்குக் காலையிலேயே கொஞ்சம் சோளத்தட்டைப் போட்டுப் பாதி வயிறு ரொம்பிய பிறகுதான் படலைத் திறப்பாள். இளஞ்சோளப் பயிர் இருக்கும் பக்கம் அறவே விடமாட்டாள். வாடிய இளஞ்சோளம் நஞ்சு. ஆடு அதில் வாய்வைத்தால் வீடுவந்து சேராது.

அமிச்சி 1994இல் போனாள். தொட்டி மாமாவின் கைக்கு வந்தது, கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் மக்கானது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தபோது, மாமா லாரியில் தட்டு வாங்கி ஆடுகளைக் காப்பாற்றப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. கன்னிவாடிச் சந்தைக்குப் பாதியை ஓட்டினார். எல்லோரும் ஓட்டியிருந்தார்கள். விலை இல்லை. மீந்த பதினெட்டை வைத்துக்கொண்டு, முதல் மழைவரை அட்டாலியில் கிடந்த வேலாங்காயில்தான் ஓட்டினேன் என்று போனில் சொன்னார்.

போன சித்திரையில் போயிருந்தேன். இட்டேரியில் கார் போகிறது. வேலியின் ஒரு பக்கம் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போட்டிருக்கிறார்கள். உள்ளே புல் இருந்த இடத்தில் சூரியத் தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. தூரத்தில் காற்றாலைகள். ஆடியில் எங்கள் புல்லை அள்ளிக்கொண்டு போன காற்றுக்கு இப்போது வாடகை வருகிறது. மாமன் மகன் 25 உருப்படி வைத்திருக்கிறான். குச்சித்தீவனம் மூட்டையாக வருகிறது, தாது உப்பு பொட்டலமாக வருகிறது. அதெல்லாம் நல்லதுதான். ஆடுகள் அமிச்சி காலத்து ஆடுகளைவிடக் கனமாகவே இருந்தன. முன்பு குட்டிக்குத்தான் காவல், நரிக்குப் பயந்து. இப்போது மொத்தப் பட்டிக்கும் காவல், தெருநாய்க்குப் பயந்து. ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு ஆட்டைப் போட்டுவிட்டுப் போகின்றனவாம்.

"பழைய பட்டி எங்கடா?" என்று கேட்டேன்.

கிணற்றுக்கு வடக்கே கூட்டிக்கொண்டு போனான். படல் இல்லை, தோணி இல்லை. கல்தாழி மட்டும் ஒரு பக்கம் மண்ணில் இறங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வெள்வேல மரங்கள் நெருக்கமாக நின்றன. காட்டில் வேறெங்கும் அவ்வளவு நெருக்கமாக வேலமரம் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே வயது போல, ஒன்றன் குடைக்குள் இன்னொன்று நுழைந்துகொண்டு.

"இத யாரு வெச்சது?"

"யாரும் வெக்கல. பட்டி இருந்த எடமல்லோ, தானா மொளச்சது."

மரத்தடியில் அவனுடைய ஆடுகள் தலை குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தன. கையில் எதுவும் இல்லாததால், விரல் முட்டியால் கல்தாழியின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டிப் பார்த்தேன். ஒரு ஆடுகூட நிமிரவில்லை. அவை தின்றுகொண்டிருந்தன.